விட்டுடுங்க

கண்ணாடிக்கடை அக்காவை அந்தத் தெருவில் அக்கா என்று கூப்பிடாதவர்களே கிடையாது. எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற ஜட்ஜ் முதல் பால்பல் விழாத வாண்டுகள் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அப்படிக் கூப்பிட முழு உரிமை உள்ளவன் உலகத்தில் ஒரே ஒருத்தன், கூடப் பிறந்த தம்பி. அவன் கூப்பிட்டு இவள் "என்னடா" என்று கேட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்தக் கதைக்குப் போகுமுன் கடையின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். மேலே பார்த்தால் தூரம், கீழே பார்த்தால் எழுத்து என்று ஒரே கண்ணாடியில் இரண்டு பவர் வைத்து வாங்குகிறவர்கள் முதல் நாள் படுகிற பாடு இருக்கிறதே, அது சொல்லி மாளாது. தரை பள்ளமாகத் தெரியும். இல்லாத படியில் காலைத் தூக்கி வைப்பார்கள். மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்து, பவரைத் தப்பாகப் போட்டுவிட்டாய் என்று குதிப்பார்கள். அக்கா அசரமாட்டாள்.

"கண்ணாடி சரிதான். உங்க கண்ணுதான் இன்னும் பழசுலயே இருக்கு. ஏழு நாள் இதையே போடுங்க. படியில மட்டும் கைப்பிடியைப் புடிச்சுக்கோங்க. நடுவுல பழசை எடுத்து மாட்டினீங்கன்னா திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும்."

வெறும் வாய்ப்பேச்சோடு விடுகிறவளும் இல்லை. புதுசைக் கொடுக்கும்போதே பழசை வாங்கி, பேரெழுதிய துண்டுச்சீட்டைச் சுற்றி, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவாள். ஏழாம் நாள் வந்தால் கிடைக்கும். ஊரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்ட ஜட்ஜ் ஐயாவின் கண்ணாடியும் இந்தக் கதை நடந்த வாரம் உள்ளேதான் கிடந்தது. அவர் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார், ஜாமீன் கிடைக்கவில்லை.

இனி தம்பி கதை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரலில் நீர். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாம் என்று விதி, அன்று பகல் தம்பியின் முறை. அக்கா கடையைச் சாத்திவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்து வார்டு வாசலில் நின்றபோது, யாரோ ஓர் ஆயா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கதவு திறந்து மூடுகிற அந்த இடைவெளியில் தம்பியின் முதுகு தெரிந்தது. அப்பாவைத் திரை மறைத்தது. தம்பியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"போதும். விட்டுடுங்க."

கதவு மூடிக்கொண்டது. அக்கா உள்ளே போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு டாக்டர் வெளியே வந்து, அப்பா போய்விட்டார் என்று சொன்னார்.

அன்று சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அவள் தம்பியைச் சமையலறைக்கு இழுத்துப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உள்ள என்ன சொன்ன? விட்டுடுங்கன்னு சொன்னியா இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாக்கா, சொன்னேன். என்னால பாக்க முடியல."

குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு மேற்கொண்டு விசாரணை எதற்கு? வைத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டான். அப்பாவைப் போக விட்டுவிட்டான். வாசலில் நின்ற தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தோடு பேச்சு நின்றது. வருஷா வருஷம் அப்பா போன தேதியில் தம்பி அத்தானுக்குப் போன் செய்வான். அத்தான், அதாவது அக்காவின் கணவர், கணக்கு வாத்தியார். போனைக் கையால் பொத்திக்கொண்டு "பேசறியா?" என்பார். அவள் பாத்திரத்தை இன்னும் சத்தமாகக் கழுவுவாள். "விட்டுடேன்மா, எத்தனை வருஷம்தான்" என்பார் அவர். அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். சொல்கிறவர்கள் எல்லோரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். விட்டுடு, விட்டுடு. அவனும் அதைத்தானே சொன்னான்!

இந்த வருஷம் போன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாலம் கட்டும் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிற தம்பிக்கு வெளிநாட்டில் ஐந்து வருஷ வேலை. குடும்பத்தோடு கிளம்புகிறான். வாத்தியார் அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். "எழுத்தெல்லாம் ஆடுதாம். சனிக்கிழமை கடைக்கு வந்து கண்ணாடி போட்டுக்கறேன்னு சொல்றான். நீ வேணாம்னா வரல, இனிமே போன் பண்ணியும் தொந்தரவு பண்ணல, அப்படின்னுட்டான். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அக்கா. ஒன்பது வருஷத்தில் அவள் 'முடியாது' என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை ஒரு வாடிக்கையாளர் வந்தார். நரைத்த தலை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிற நர்ஸம்மா. அளவெடுத்து முடித்து ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தவர், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அக்கா செய்து கொடுத்த முதல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பா சிரிக்கிற படம்.

"இவரு... என் கண்ணாடி எங்க, என் பொண்ணு செஞ்சதுன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரே, அவர்தானே? நான்தாம்மா அந்த வார்டுல இருந்தேன். உங்க தம்பி நல்லா இருக்காரா?"

அக்கா ஃபிரேம் தட்டைக் கீழே வைத்தாள். "அவரை ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"மறக்க முடியுமா? ஐயா குழாயைப் பிடுங்கறாருன்னு ரெண்டு கையையும் துணி வச்சுக் கட்டியிருந்தோம். கடைசி நாள் அதுவும் பத்தாம ரெண்டு பேரு அமுக்கிப் புடிச்சிருந்தாங்க. அவரு கண்ணு கலங்கிக் கிடக்காரு. தம்பி வந்து ஒரே சத்தம். போதும், விட்டுடுங்க, நான் புடிச்சுக்கறேன்னு. அவுத்து விட்டோம். ஐயா எதையும் பிடுங்கல. புள்ளையோட கையைப் புடிச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான். அப்புறம் இதயம் நின்னுடுச்சு. தம்பியைத் திரைக்கு வெளிய நிக்கச் சொல்லிட்டு, ஆக்ஸிஜன் மாஸ்க் கசியுதுன்னு நான்தான் அதைக் கழட்டிப் போட்டு வேற மாட்டினேன். நெஞ்சை அமுக்கறதை டாக்டர் நாப்பது நிமிஷம் விடல தெரியுமா? வேர்த்து ஊத்துது, மனுஷன் விடல." நர்ஸம்மா ஒரு ஃபிரேமை எடுத்து மூக்கில் மாட்டிப் பார்த்தார். "அதுக்கப்புறம் யார் கையைக் கட்டச் சொன்னாலும் எனக்கு ஒரு நிமிஷம் கை நிக்கும்மா. இது எனக்கு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. அது யார் குரல் என்று அவளுக்கே விளங்கவில்லை.

நர்ஸம்மா போன பிறகு கடைக்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள். கையை விட்டுடுங்க. கட்டியிருந்த கையை! ஒரு வார்த்தைக்குப் பின்னால் வந்த இன்னொரு வார்த்தை காதில் விழாமல் போனதற்கு ஒன்பது வருஷமா?

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வாத்தியார் சிவப்புப் பேனாவை மூடினார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அவள் பார்த்து நாளாகியிருந்தது.

"அப்ப முடிஞ்சது! போட்ட கணக்குல முதல் வரியே தப்பு. முதல் வரி தப்புன்னா விடையையும் அடிச்சுட வேண்டியதுதானே. இனிமே கோபத்துக்கு என்ன வேலை?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. "காரணம் போயிடுச்சு. கோபம் போகலையே."

"அது எப்படிப் போகாம இருக்கும்?"

"உங்களுக்கென்ன, ரப்பர் எடுத்து அழிச்சிடுவீங்க."

உண்மையிலேயே போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கும்போது வழக்கம்போல மனசுக்குள் அந்த வார்டுக் கதவு திறந்தது, முதுகு தெரிந்தது, குரல் கேட்டது, வயிற்றில் அந்தப் பழைய சூடு ஏறியது. தப்பு, தப்பு என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சூடு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோடு நின்றதா? வேலை போன கோபம் வேறு வேலை தேட ஆரம்பித்தது. சரி, கையைத்தான் சொன்னான், விளக்கமாகச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? ஒன்பது வருஷம் போன் செய்தானே, ஒரு தடவை நேரில் வந்தானா? எட்டாவது படிக்கும்போது என் பேனா நிப்பை உடைத்துவிட்டு மூடி வைத்தவன்தானே! நிப் வரைக்கும் போனபோது அக்காவுக்கே வெட்கமாகிவிட்டது. வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவைக் கைகழுவினான் என்று நம்பினவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? வராவிட்டால்தான் அசிங்கம். அந்தக் கோபம் பைத்தியக்காரத்தனம் இல்லை. தப்பான பவர் சீட்டைப் பார்த்துச் சரியாகச் செய்த கண்ணாடி அது. ஆனால் இப்போது சீட்டு மாறிவிட்டது. இனியும் அதையே மாட்டிக்கொண்டு திரிந்தால் குற்றம் தன்னுடையது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் கழற்ற வரவில்லை என்பதுதான் அவளை வதைத்தது. சனிக்கிழமை அவன் வந்து, தான் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால்? பாவம், ஒரு தப்பும் செய்யாதவன். அதைப் பார்த்துவிட்டு விமானம் ஏறினால் பிறகு எந்த ஜென்மத்தில் கூப்பிடுவான்? கோபம் தீர்ந்த பிறகு வரச்சொல்லலாம் என்றால் அவனுக்கு நாள் இல்லை.

புதன்கிழமை ஜட்ஜ் ஐயா தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசற்படியில் ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

"அக்கா, தரை இன்னும் பள்ளமாத்தான் இருக்கு."

"தரை பள்ளமா ஐயா?"

"தரை சமமாத்தான் இருக்கு. எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷம் தீர்ப்பு எழுதினவன். சமம்னு தெரியுது, பள்ளமாத் தெரியுது. ரெண்டும் ஒண்ணா நடக்குது. பழசைக் குடு, ஒரு மணி நேரம் பேப்பர் படிச்சிட்டுத் திருப்பித் தந்துடறேன்."

"பழசை மாட்டினா பள்ளம் போகுமா?"

"உடனே போயிடும்!"

"அதான் தரமாட்டேன். பழசு சுகமா இருக்கும் ஐயா. அந்தச் சுகம் இருக்கற வரைக்கும் கண்ணு புதுசுக்கு வராது. கண்ணை நாம அதட்ட முடியாது. எதை மாட்டிக்கறதுங்கறது மட்டும்தான் நம்ம கையில..."

முந்நூறு பேருக்காவது சொல்லியிருப்பாள் இந்த வசனத்தை. சொல்லும்போது தன் காதில் விழுந்தது இன்றைக்குத்தான். ஜட்ஜ் ஐயா பதிலுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா இழுப்பறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஒன்பது வருஷமாகத் தினம் காலையில் பல் துலக்கும்போது அந்தக் கதவு தானாகவா திறந்தது? முதல் வருஷம் தானாகத்தான் திறந்தது. பிறகு, கொஞ்சம் மங்கும்போதெல்லாம், துடைத்துத் துடைத்து எடுத்து மாட்டிக்கொண்டவள் யார்? அப்பாவை மறந்துவிடுவோமோ என்று பயந்துதான் செய்தாள். அப்பாவிடம் போக அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கோபம்தான்.

அன்று சாயங்காலம் வாத்தியாரிடம், "சனிக்கிழமை வரச்சொல்லுங்க" என்றாள்.

"கோபம் போயிடுச்சா?"

"இல்ல. வரட்டும்."

வியாழன் காலை பல் துலக்கும்போது கதவு திறந்தது. முதுகு தெரிந்தது. அவள் திரையை விலக்கிப் பார்த்தாள். துணியால் கட்டிய கைகள், அவிழ்கிற முடிச்சு, ஒரு கையை இன்னொரு கை பிடிப்பது. பார்க்காததைப் பார்ப்பது சுலபமாக இல்லை. சூடு ஏறத்தான் செய்தது. வெள்ளிக்கிழமையும் ஏறியது. கொஞ்சம் தாமதமாக ஏறியதோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான். பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஜட்ஜ் ஐயா தன் பழைய கண்ணாடியை மீட்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது தம்பி உள்ளே வந்தான். முன்நெற்றி முடி போயிருந்தது. தோள் அகலமாகியிருந்தது. வாசலில் நின்று "அக்கா" என்றான்.

அக்காவின் கோபம் சொல்லிவைத்தாற்போல் வந்து நின்றது. கழுத்து வரை சூடு. அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அவன் மேல் அல்ல, அந்தச் சனியன் பிடித்த கோபத்தின் மேல். "உக்காரு" என்றாள். வேறு வார்த்தை வரவில்லை. அவனும் வாய்தா வாங்க வந்தவன் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

எழுத்துப் பலகை, லென்ஸ், இது தெளிவா அது தெளிவா எல்லாம் முடிந்தது. கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஒரு முழத் தூரத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து, சின்ன ஸ்கேலை அவன் மூக்கின் மேல் வைத்து, கண்ணுக்குள் பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் இடது கண்ணைப் பாரு."

அவன் பார்த்தான். அவளுக்கு ஸ்கேலில் எண் பிடிபடவில்லை. அவள் மறுபடி வைத்தாள். மறுபடி பிடிபடவில்லை.

"அன்னைக்கு நீ விட்டுடுங்கன்னு சொன்னது அப்பாவோட கையை" என்றாள், ஸ்கேலை எடுக்காமலே. "எனக்கு அது திங்கக்கிழமைதான்டா தெரியும். வைத்தியத்தை விட்டுடச் சொன்னேன்னு நெனச்சிருந்தேன். ஒம்போது வருஷமா."

"வைத்தியத்தையா? நானா?" என்றான் மெதுவாக. "அப்ப நீ கோபப்பட்டது..."

"நீ எதுக்குன்னு நெனச்ச?"

"கையை அவுக்கச் சொன்னதுக்கு." அவன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "நான் கவனிக்காதப்ப இன்னொரு கையால மாஸ்க்கைப் பிடுங்கியிருக்காருக்கா. எல்லாம் முடிஞ்சு திரும்பத் திரைக்குள்ள போனப்ப மாஸ்க் கீழ கிடந்துச்சு. நான் அவுக்கச் சொல்லலைன்னா அவர் இன்னும் கொஞ்ச நாள்... நீ கோபப்பட்டது நியாயம்னுதான் நான் நேர்ல வரல. எந்த முகத்தோட வர்றது?"

அக்கா ஸ்கேலை மேசைமேல் வைத்தாள். ஒன்பது வருஷமாக இவள் ஓர் இல்லாத குற்றத்துக்கு இவனைத் தண்டித்துக்கொண்டிருந்தாள், இவன் வேறோர் இல்லாத குற்றத்துக்கு அதை ஒழுங்காக அனுபவித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா மாஸ்க்கைத் தொடவே இல்லடா. அது கசியுதுன்னு நர்ஸம்மா கழட்டிப் போட்டது. வேற மாட்டினாங்களாம். அவங்களே என்கிட்ட சொன்னாங்க, இதோ இந்த இடத்துல நின்னு. அப்பா உன் கையைத்தான் புடிச்சாரு. இதயம் அதுவா நின்னுது. அதுக்கப்புறமும் டாக்டர் நாப்பது நிமிஷம் பார்த்திருக்காரு."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை ஆட்டினான். "நீ சொல்றது புரியுதுக்கா. ஆனா..." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "இது கேக்க மாட்டேங்குதே."

அந்த நிமிஷம் அக்காவின் மனசு உருகிவிட்டது. இவனுக்கும் அதே நோய்தானா! தனக்கு மட்டும்தான் இந்தக் கோணல் புத்தி என்றல்லவா ஐந்து நாளாக நொந்துகொண்டிருந்தாள்.

"எனக்கும் கேக்கலடா. நீ உள்ள வந்ததும் கோபம்தான் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். எட்டாங்கிளாஸ் பேனா நிப் வரைக்கும் ஞாபகம் வந்துச்சு."

தம்பி அழுதுகொண்டிருந்தவன், அப்படியே சிரித்துவிட்டான். "அந்த நிப்பை நான் உடைக்கல. அது கீழ விழுந்துச்சு."

"உடைச்ச. அதுல சந்தேகமே இல்ல." அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏழு நாள் ஆகும்டா. உனக்கு எழுபது நாள் ஆனாலும் ஆகும். அந்த மாஸ்க் ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்குப் போன் பண்ணு. நான் திரும்பச் சொல்றேன். எத்தனை தடவை வேணா சொல்றேன்."

"அங்க பகல்னா இங்க ராத்திரிக்கா."

"பரவாயில்ல, பண்ணு."

நாற்காலியிலிருந்து கனைப்புச் சத்தம் கேட்டது. ஜட்ஜ் ஐயா எழுந்து, தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து திரும்பினார். "தரை சமமாயிடுச்சு அக்கா" என்று யாரும் கேட்காமலே அறிவித்தார். பிறகு நின்று இருவரையும் புதுக் கண்ணாடி வழியாக நன்றாகப் பார்த்தார்.

அக்கா மறுபடி ஸ்கேலை எடுத்தாள். இந்தத் தடவை எண் பிடிபட்டது. அறுபத்து மூன்று மில்லிமீட்டர். சீட்டில் எழுதினாள். எழுதிவிட்டு அவன் வலது கையைப் பிடித்தாள். அப்பா கடைசியாகப் பிடித்தது இந்தக் கையாகத்தான் இருக்க வேண்டும். கம்பி கட்டிக் காய்த்துப்போன உள்ளங்கை. கழுத்தில் இன்னும் அந்தச் சூடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

தம்பிக்குக் கூச்சமாகிவிட்டது. ஜட்ஜ் ஐயாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கையை மெல்ல இழுத்தான்.

"விட்டுடுக்கா, அவர் பாக்கறாரு."

அக்கா விடவில்லை.